முதலில் எந்தக் கப்பலில் ஏறுவது? ஐந்து விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களும் ஒரு ரசிகனின் கணக்கும்

தங்கச்சியின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, றிசல்ட் வரும்வரை வீட்டில் கிடக்கிறான். போன மாதம் வந்து, “மாமா, சயன்ஸ் ஃபிக்ஷன் சீரிஸ் ஒண்டு பார்க்கணும். எதில தொடங்க?” என்றான். அதே கிழமை, காத்தான்குடியில் இருந்து எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒரு பெண், “அண்ணன், உம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஹோல்ல இருந்து பார்க்கிற மாதிரி ஏதும் இருக்கா?” என்று கேட்டார். மூன்றாவது ஆள் களுவாஞ்சிகுடியில் இருக்கும் எனது பழைய கணித ஆசிரியர். ஓய்வுபெற்றுவிட்டார், கண் ஒப்பரேஷன் முடிந்து இப்போதுதான் டீவி பார்க்க விட்டிருக்கிறார்கள். “தம்பி, பேயும் பிசாசும் இல்லாத, கணக்குச் சரியா வாற ஒண்டைச் சொல்லும்” என்றார்.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லித் தப்பியிருக்கலாம். அப்படிச் சொல்லித்தான் முன்பு இரண்டு நண்பர்களை இந்தப் பக்கமே வராமல் பண்ணிவிட்டேன். ரசிகர்களிடம் கேட்டால் ‘எது சிறந்தது’ என்று பட்டியல் தருவார்கள். பத்துப் பெயர் இருக்கும், பத்தும் உண்மையில் நல்லவைதான். கேட்டவர் மூன்றைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டுவிட்டு, “இது நமக்குச் சரிவராது” என்று போய்விடுவார். முதல் தொடர் என்பது ஒருவர் கடைசி எபிசோட் வரை போய் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த ஒரு கண்ணால்தான் கீழே உள்ள ஐந்தையும் பார்த்திருக்கிறேன்.

பாதியில் நிற்பதன் வலி எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லாத நாளில் கார் பற்றரியில் போட்டுப் பார்ப்போம். சித்தப்பா லண்டனில் இருந்து ஒரு கசெட் அனுப்பியிருந்தார். அதில் ஸ்டார் ட்ரெக் எபிசோட் ஒன்று. கப்டன் எதிரியின் கையில், அவரே எதிரியாக மாறி நிற்கிறார், துணைக் கப்டன் “சுடு” என்று உத்தரவு கொடுக்கிறார், கசெட் முடிந்துவிட்டது. அது 1990 ஜூன் மாதம் ஒளிபரப்பான இருபாகக் கதையின் முதல் பாகம். அமெரிக்கர்கள் மறுபாதிக்கு மூன்று மாதம் காத்திருந்தார்கள். நான் ஆறு வருடம் காத்திருந்தேன்.

## அளவுகோல்கள்

எத்தனை எபிசோடில் பிடிக்கும் என்பது முதலாவது. பல நல்ல தொடர்கள் தொடக்கத்தில் தள்ளாடும். “பத்து எபிசோட் பொறுத்துக்கொள், பிறகு பார்” என்று சொல்வது ரசிகனுக்குச் சுலபம், புதிதாக வருகிறவருக்கு அது ஒரு கிழமை இரவுத் தூக்கம்.

அடுத்தது நேரமும் டேட்டாவும். சந்தா விலையைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். போன் டேட்டாவில் பார்க்கிற வீட்டில் பெரிய செலவு அது இல்லை. நடுத்தரத் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு முக்கால் ஜிபி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்டி என்றால் 3 ஜிபி வரை ஏறலாம். அந்தக் கணக்கில், கீழே உள்ள ஐந்தில் மிகச் சிறியதற்கு 10 ஜிபி, மிகப் பெரியதற்கு 100 ஜிபிக்குக் கிட்ட. இரண்டுக்கும் இடையில் ஒரு ரீலோட் இல்லை, பல ரீலோட்.

மூன்றாவது, கதை ஒழுங்காக முடிகிறதா? இந்த வகைத் தொடர்களுக்குப் பணம் கூட, பார்ப்பவர் குறைவு. அதனால் நடுவில் நிறுத்திவிடுவது வழக்கம்.

நாலாவது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. எங்கள் வீடுகளில் டீவி ஹோலில்தான். அம்மம்மா கதிரையில் இருக்கும்போது திரையில் கட்டில் வந்தால், றிமோட்டைத் தேடுகிற வேகம் எந்த விண்கலத்துக்கும் வராது.

அப்புறம், இடையில் விட்டால் திரும்பப் பிடிக்கலாமா என்பதும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதையாக உள்ள தொடர் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். சங்கிலிக் கதை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் யாரைக் கொன்றது என்பதையே மறந்துபோனார்கள்.

எது எந்தச் சேவையில் கிடைக்கிறது என்று எழுதப் போவதில்லை. உரிமைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. காசு கட்டுவதற்கு முன் ஒருக்கா தேடிப் பார்த்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| தொடர் | ஆண்டு | அளவு | நேரம் (சுமார்) | சூடு பிடிக்க | முடிவு | ஹோலில் பார்க்கலாமா |
|---|---|---|---|---|---|---|
| ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன் | 1987–1994 | 7 சீசன், 178 எபிசோட் | 130 மணி | இரண்டு சீசன், ஆனால் தாண்டலாம் | நிறைவானது | தாராளமாக |
| பட்டில்ஸ்டார் கலக்டிகா (புதியது) | 2003–2009 | மினி சீரிஸ், 4 சீசன் | 55 மணி | முதல் இரவே | முடிகிறது, சண்டை முடியவில்லை | பெரியவர்கள் மட்டும் |
| த எக்ஸ்பான்ஸ் | 2015–2022 | 6 சீசன், 62 எபிசோட் | 48 மணி | நாலு எபிசோட் | முக்கால்வாசி | முதல் எபிசோடிலேயே கவனம் |
| டார்க் | 2017–2020 | 3 சீசன், 26 எபிசோட் | 24 மணி | மூன்று எபிசோட் | முடிச்சு முழுதும் அவிழும் | வேண்டாம் |
| ஃபயர்ஃபிளை | 2002 | 14 எபிசோட், ஒரு படம் | 13 மணி | முதல் எபிசோட் | வெட்டுப்பட்டது, படம் ஒட்டுப்போட்டது | பதின்ம வயதுக்கு மேல் |

## ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்

ஒரு விண்கப்பலும் அதன் ஆட்களும் போகிற இடங்களின் கதை. 178 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது தேங்காய் மாதிரி; ஓடு முழுவதையும் யாரும் தின்னச் சொல்லவில்லை.

முதல் சீசன் உண்மையில் சுமார்தான். நடிகர்கள் இன்னும் சட்டைக்குள் பொருந்தவில்லை, கதைகள் அறுபதுகளின் மிச்சம். இரண்டாவது சீசன் 1988இல் நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் அடிபட்டு 22 எபிசோடாகச் சுருங்கியது, அதன் கடைசி எபிசோட் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியது. அதிலிருந்து எடுக்க வேண்டியது முக்கியமாக ஒன்று: மனித உருவில் உள்ள இயந்திரமான டேட்டா, தன்னைப் பிரித்துப் பார்க்க வருகிறவர்களிடம் மாட்டேன் என்கிறான். அவன் ஒரு ஆளா, கப்பல் படையின் சொத்தா என்று வழக்கு நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று எல்லாரும் கதைக்கிற கதையை 1989இலேயே ஒரு சின்ன அறையில் நாலு கதிரை போட்டுச் சொல்லிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நேரே மூன்றாவது சீசனுக்குப் போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த எபிசோட் ஐந்தாவது சீசனில் வரும் ‘டார்மொக்’. அதில் வரும் வேற்றுலகத்தார் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் கப்பலின் கருவி மொழிபெயர்த்துவிடும். ஆனாலும் ஒன்றும் விளங்காது. ஏனென்றால் அவர்கள் தங்கள் புராணக் கதைகளைச் சொல்லியே எல்லாவற்றையும் பேசுகிறவர்கள். இன்ன இடத்தில் இன்னார் நின்றபோது என்றால், அதற்கு ஒத்துழைப்பு என்று பொருள். அமெரிக்கர்கள் இதை ஏதோ விசித்திரம் என்று பார்த்திருப்பார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்த ஒருவருக்கு இதில் என்ன விசித்திரம்? சகுனி வேலை என்றால் எங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கும்பகர்ணன் என்றால் காலை பத்து மணி வரை தூங்குகிற மருமகன். கதை தெரியாத ஒருவர் எங்கள் கிழவிமார் இரண்டு பேர் கதைப்பதைக் கேட்டால், இந்தத் தொடரின் கப்டன் பிக்கார்ட் நின்ற நிலையில்தான் நிற்பார்.

அதே சீசனில் ‘த இன்னர் லைட்’ என்றொரு எபிசோட், 1993இல் விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. ஒரு கருவியின் ஒளி பட்டு மயங்கிக் கிடக்கும் இருபத்தைந்து நிமிடத்துக்குள், கப்டன் இன்னொரு ஊரில் நாற்பது வருட வாழ்க்கை வாழ்ந்து முடிக்கிறார். மனைவி, பிள்ளைகள், பேரன், ஒரு புல்லாங்குழல். அந்த ஊர் அழிந்து ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. தாங்கள் இப்படித்தான் இருந்தோம் என்று யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அனுப்பிய கருவி அது. சண்டை இல்லை, வெடி இல்லை. இல்லாமல் போன ஊர் ஒன்றின் பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பத்தில் பிறந்தவர்கள் இதைத் தனியாகப் பார்ப்பது நல்லது.

மறைந்த செலவு என்றால், தெரிந்தெடுக்கிற வேலைதான். யாராவது கையில் பட்டியல் தராவிட்டால் முதல் சீசனிலேயே வழுக்கி விழுவீர்கள். ஒவ்வொரு கதையும் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடுவதால், அடுத்தது என்ன என்ற இழுப்பும் குறைவு. அதுவே கரண்ட் வெட்டுக் காலத்தில் வரம். கிழமைக்கு ஒன்று பார்க்கலாம், மாதம் விட்டும் பார்க்கலாம். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.

## த எக்ஸ்பான்ஸ்

சூரிய மண்டலத்துக்கு வெளியே போகாமல் தொடங்குகிற தொடர் இது. பூமி ஒரு அரசு, செவ்வாய் இன்னொரு அரசு, இரண்டுக்கும் அப்பால் விண்கற்கள் சூழ்ந்த பட்டையில் வேலை செய்கிற கூலிச் சனம். அந்தப் பட்டையில் உள்ள சீரஸில் ஒரு காலம் பனிக்கட்டி நிறைய இருந்தது. பூமியும் செவ்வாயும் சுரண்டிக்கொண்டு போன பிறகு, சனிக் கிரகத்தின் வளையத்தில் இருந்து கப்பலில் கட்டி கட்டியாக இழுத்து வருகிறார்கள். அப்படிப் பனி ஏற்றும் ஒரு கப்பல் அழிக்கப்படுவதில்தான் கதை பற்றிக்கொள்கிறது.

இதை முதலில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது படுவான்கரை. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை: ரோட்டு, ஆஸ்பத்திரி, கச்சேரி, கடை எல்லாம். அந்தப் பக்கம் நெல்லும் தயிரும் மாடும். நெல் இங்கே வரும், சனம் ‘பாதை’ என்கிற தட்டைப் படகில் ஏறி வர வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலை ஆட்கள் பாதைக்காகக் கரையில் நின்ற நேரத்தைச் சேர்த்தால் சனிக்கிரகம் போய்த் திரும்பலாம். கோடையில் தண்ணீர்ப் பவுசர் வரும் நாளை எண்ணியிருக்கிற ஊருக்கு, சீரஸில் தண்ணீர்ப் பங்கீட்டைக் குறைக்கிற காட்சியில் வசனமே தேவையில்லை. பட்டைச் சனத்துக்குத் தனி மொழியும் உண்டு. பல மொழிகள் கலந்த அந்தக் கொச்சையை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் இத்தொடருக்காகவே உருவாக்கினார். விண்வெளிச் சட்டைக்குள் முகம் தெரியாது என்பதால் கையை வீசிக் கதைப்பார்கள். பூமிக்காரர் அதைக் கேட்டு இளிப்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக் கொழும்பில் இளித்த ஆட்களை எனக்குத் தெரியும்.

கணித ஆசிரியருக்கு இதைச் சொன்னதற்குக் காரணம் வேறு. இந்தக் கப்பல்களில் மந்திர ஈர்ப்பு விசை கிடையாது. எஞ்சின் தள்ளும்போது மட்டும்தான் தரையில் கால் பதியும். பாதிவழியில் கப்பலைத் திருப்பி, எஞ்சினை முன்பக்கம் காட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். சுழலும் சீரஸில் போத்தலில் இருந்து கிளாசுக்கு ஊற்றும் குடிவகை நேராக விழாமல் வளைந்து விழும். ஒரு செக்கன்தான் காட்டுவார்கள், யாரும் விளக்க மாட்டார்கள். சேர் அந்த இடத்தை நிறுத்தி மூன்று தரம் பார்த்ததாகச் சொன்னார்.

சரி, குறைகள். முதல் மூன்று எபிசோடில் யார் எந்தப் பக்கம் என்று தலை சுற்றும். நாலாவதில் ஒரு கப்பல் சண்டை வரும், அதற்குப் பிறகு விடாது. முதல் எபிசோடிலேயே எடையில்லா வெளியில் ஒரு படுக்கையறைக் காட்சி இருக்கிறது. ஹோலில் போடுகிறவர்கள் றிமோட்டைக் கையில் வைத்திருங்கள். அவசரலா என்ற பெண் அரசியல்வாதி கட்டுகிற சாரிகளைப் பார்க்க என் அம்மா வந்து இருப்பார். அந்த அம்மாளின் வாய் பிற்பட்ட சீசன்களில் மோசமாகிவிடும். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாததால் பிரச்சினை இல்லை.

பெரிய மறைந்த செலவு முடிவில் இருக்கிறது. மூன்று சீசனோடு 2018இல் முதல் அலைவரிசை இதைக் கைவிட்டது. ரசிகர்கள் காசு சேர்த்து, அமேசனின் ஸ்டூடியோவுக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அமேசன் எடுத்து இன்னும் மூன்று சீசன் தந்தது, கடைசிச் சீசன் ஆறே எபிசோட். மூல நாவல்கள் ஒன்பது, தொடர் ஆறாவதோடு நிற்கிறது. அதனால் பெரிய சண்டை முடிகிறது, கடைசிச் சீசனில் தொட்டுக் காட்டிய இன்னொரு நூல் அந்தரத்தில் தொங்குகிறது. எனக்கு அது முக்கால் வயிறு. அடுத்த கால் வயிற்றுக்குப் புத்தகம் வாசிக்க வேண்டும்.

## பட்டில்ஸ்டார் கலக்டிகா

பழைய கலக்டிகா 1978இல் வந்தது, எங்களுக்குச் சூறாவளி அடித்த அதே வருசம். இங்கே சொல்வது அதைத் திருப்பி எடுத்ததை.

மனிதர்கள் செய்த இயந்திரங்கள் திரும்பி வந்து பன்னிரண்டு கிரகங்களையும் அழிக்கின்றன. மிஞ்சியது ஐம்பதாயிரம் பேர், ஒரு பழைய போர்க்கப்பல், அதன் பின்னால் கூட்டமாக ஓடும் கண்ட கண்ட கப்பல்கள். முதல் எபிசோடின் பெயர் ‘33’. முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் எதிரி வந்துவிடுவான், அதனால் ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. ஜனாதிபதி ஒரு வெள்ளைப் பலகையில் உயிரோடு உள்ளவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்திருப்பார். ஆட்கள் போகப் போக அழித்து அழித்து எழுதுவார். எபிசோடின் கடைசியில் அந்த எண் ஒன்றால் கூடும். ஒரு குழந்தை பிறந்திருக்கும்.

அந்த எபிசோட் அமெரிக்காவில் ஒளிபரப்பானது 2005 ஜனவரியில். அதே ஜனவரியில், சுனாமிக்குப் பிறகு, இங்கே பாடசாலைச் சுவர்களில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. நான் தொடரைப் பார்த்தது பல வருடம் கழித்துத்தான், ஆனாலும் அந்தப் பலகை வந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஐந்தில் எழுத்து நயம், நடிப்பு, துணிச்சல் எல்லாம் கூடியது இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் முதல் தொடராக இதை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். மூன்றாவது சீசனின் தொடக்கத்தில் மனிதர்கள் ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்கிறார்கள். எதிரிக்கு வேலை செய்கிற மனிதர்களே முகமூடி போட்டு இரவில் வீடுகளுக்கு வருவார்கள். நாங்கள் இதுவரை நேசித்த ஆட்கள் தற்கொலைக் குண்டு அனுப்புவார்கள். அமெரிக்கப் பார்வையாளருக்கு அது ஈராக்கைத் திருப்பிக் காட்டிய கண்ணாடி. முகத்தை மூடி நின்று, தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுத்த ‘தலையாட்டி’ என்ற சொல்லைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வேறு. இதற்கு டேட்டாக் கணக்கில் பெறுமதி போட முடியாது, முன்கூட்டிச் சொல்லி வைக்கத்தான் முடியும்.

இன்னொரு பொறி மிகச் சாதாரணமானது. 2003இல் வந்த மூன்று மணித்தியால மினி சீரிஸ்தான் கதையின் உண்மையான தொடக்கம். அது பல இடங்களில் தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். நேரே ‘சீசன் ஒன்று’ என்று அமத்தினால், வீடு எரிந்து முடிந்த பிறகு போய்ச் சேர்ந்த ஆள் மாதிரி நிற்பீர்கள். 2007–08 எழுத்தாளர் வேலைநிறுத்தம் கடைசிச் சீசனை நடுவில் முறித்தது. முடிவில் கொஞ்சம் கடவுள் கூடிவிட்டது என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். நான் முடிவை ஏற்றுக்கொள்கிற கட்சி. கோயில் ஊரில் பிறந்ததால் இருக்கலாம்.

## டார்க்

ஜேர்மன் தொடர், நெட்ஃபிளிக்ஸ் தயாரித்தது. விண்டன் என்ற சின்ன ஊர், அணு மின் நிலையம், ஒரு குகை, காணாமல் போகும் பிள்ளைகள். 2019, 1986, 1953 என முப்பத்து மூன்று வருட இடைவெளியில் ஊர் தன்னோடு தானே முட்டிக்கொள்கிறது. நாலு குடும்பம், யார் யாருக்கு அப்பா, யார் யாருக்குப் பேத்தி என்பதுதான் புதிர். மேற்கத்தேய ரசிகர்கள் இதற்கு வம்ச வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் கல்யாணம் பேசப் போகும்போது தாய்வழிக் குடி கேட்டு, மூன்று தலைமுறை பின்னால் போய், “அப்ப நீங்க எங்களுக்கு மச்சான் முறை” என்று கண்டுபிடிக்கிற பெரியம்மாமாருக்கு வரைபடம் தேவைப்படாது. ஆனால் விண்டனில் முறை இருக்கிற நிலையைக் கண்டால் அவர்களுக்கே மயக்கம் வரும்.

இங்கிலீஷ் பேச்சு காதில் பிடிபடவில்லை என்று கூச்சப்படுகிறவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். ஜேர்மன் எங்கள் யாருக்கும் தெரியாது. எல்லாருமே சப்டைட்டில் வாசிக்கத்தான் வேண்டும். யாரும் யாரையும் விட மேலே இல்லை. இங்கிலீஷ் டப்பிங்கைத் தொடாதீர்கள், உதடு ஒரு பக்கம் உயிர் ஒரு பக்கம்.

26 எபிசோட், திட்டமிட்டு மூன்று சீசனில் முடித்தார்கள். கதையில் உலகம் அழியும் நாள் 2020 ஜூன் 27. கடைசிச் சீசனையும் அதே நாளில் வெளியிட்டார்கள். இந்தப் பட்டியலில் கட்டி முடித்த வீடு மாதிரி இருப்பது இது ஒன்றுதான்.

விலை என்ன? முழுக் கவனம். இடியப்பம் பிழிந்துகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது. பத்து நாள் விட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். நான் கொப்பி வைத்து எழுதினேன், வெட்கமில்லை. தொடக்கமே ஒரு தற்கொலைக் காட்சி, கட்டில் காட்சிகளும் உண்டு, சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. தனி அறை, ஹெட்ஃபோன், தொடர்ச்சியாக ஒரு பத்து இரவு கிடைத்தால் எடுங்கள்.

## ஃபயர்ஃபிளை

விண்வெளியில் கடத்தல் செய்து பிழைக்கிற ஒரு ஓட்டைக் கப்பல், ஒன்பது பேர், நல்ல பகிடி. தோற்றுப்போன பக்கத்தில் சண்டை பிடித்த கப்டன். ஒளிபரப்பிய அலைவரிசை எபிசோடுகளை ஒழுங்கு மாற்றிப் போட்டது, முதலாவதைக் கடைசியில் போட்டது, பதினாலில் பதினொன்றோடு நிறுத்தியது. 2005இல் ஒரு படம் எடுத்துக் கதையை ஓரளவு மூடினார்கள்.

இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும். 10 ஜிபி போதும். இந்த வகை பிடிக்குமா பிடிக்காதா என்று சோதித்துப் பார்க்க இதைவிட மலிவானது இல்லை. பிடித்துப்போனால் அதுதான் செலவு, இன்னும் வேண்டும் என்று இருக்கும், இல்லை. பார்க்கும்போது இரண்டு பாக நீளமுள்ள அந்த முதல் எபிசோடில் இருந்து தொடங்குகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## சேர்க்காமல் விட்டவை

டொக்டர் ஹூவை எங்கே என்று கேட்பார்கள். 1963 நவம்பர் 23 தொடங்கியது, 1989இல் நின்றது, 2005இல் திரும்பியது. பிள்ளைகளோடு பார்க்க அருமையானது. ஆனால் முடிக்கக்கூடியது என்பதுதான் என் அளவுகோல், அதற்கு முடிவே கிடையாது. பபிலோன் 5 எனக்கு உயிர், 110 எபிசோடில் 92ஐ ஒரே ஆள் எழுதினார். அதன் கணினிக் கிராஃபிக்ஸை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்டினால் சிரிப்பார்கள், எனக்குக் கோபம் வரும், வீட்டில் சண்டை வரும். இரண்டாவது தொடராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு என்று சொல்லும் மாமாமாருக்கும் ஒரு வரி. இந்த வகையின் பெரிய தலை ஒருவரான ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இருந்து 2008இல் சாகும்வரை இலங்கையில்தான் இருந்தார். திருகோணமலைக் கடலுக்கடியில் பழைய கோணேசர் கோயிலின் கற்களைச் சுழியோடிப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

## கேட்ட மூன்று பேருக்கும்

காத்தான்குடித் தங்கச்சிக்கு நெக்ஸ்ட் ஜெனரேஷன். ஒரு தாளில் இருபது எபிசோட் எழுதிக் கொடுத்தேன், முதல் சீசனில் இருந்து ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒன்று என்று போகிறதாம். உம்மாவுக்குக் கதை விளங்குவதைவிட, காதில் கூர் வைத்த அந்த ஆள் ஏன் வரவில்லை என்பதுதான் கவலையாம். ஸ்பொக் பழைய தொடரின் ஆள் என்றும், இதில் இரண்டு எபிசோடுக்கு மட்டும் வந்து போவார் என்றும் சொல்லி அனுப்பினேன்.

சேருக்கு எக்ஸ்பான்ஸ். இரண்டாவது சீசனில் இருக்கிறார். போன கிழமை எடுத்து, ஒரு கப்பல் எத்தனை ஜீ வேகவளர்ச்சியில் போனால் எத்தனை நாளில் எங்கே போகும் என்று தான் போட்ட கணக்கை வாசித்துக் காட்டினார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்தில் போலவே.

மருமகனுக்கு டார்க்தான் என்று நினைத்தேன். மூன்று மாதம் சும்மா இருக்கிறான், தனி அறை இருக்கிறது, கொப்பியும் இருக்கிறது. தலையாட்டிக்கொண்டு போனவன், கூட்டாளி யாரோ சொன்னான் என்று கலக்டிகாவைத் தொடங்கிவிட்டான். நேற்று இரவு பதினொன்றரைக்கு எடுக்கிறான்: “மாமா, ரெண்டு எபிசோட் முடிஞ்சுது. இவங்க ஏன் ஓடுறாங்க, ஆர் துரத்துறாங்க, ஒண்டும் விளங்கல்ல.”

மினி சீரிஸைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“அது என்ன?” என்றான்.